பூங்காக் கொட்டகைக்கு அடியில் குடியிருக்கும் ஸ்கங்குகளை வெளியேற்றித் தரக் கோரும் மனு

பெறுநர்:
வட்டாரப் பூங்காப் பராமரிப்புப் பொறுப்பதிகாரி அவர்கள்,
ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா.

அனுப்புநர்:
பூங்காவின் வடக்கு வேலியோரம் குடியிருப்போர்.

திகதி: 24 மார்ச் 2025

பொருள்: கருவிக் கொட்டகையின் அடியை ஏப்ரல் முடிவதற்குள் அடைத்துத் தருமாறு வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவின் முதியவர்களில் ஒருவன் என்ற முறையில், வடக்கு வேலியோரத்து வீட்டுக்காரர்கள் அனைவரின் சார்பிலும் இம்மனுவைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன். பூனையளவே இருந்து, மிரண்டால் வாலடியிலிருந்து நாற்றத் திரவம் பீய்ச்சும் இந்த ஸ்கங்குகள் விடயமாகச் சென்ற இலையுதிர்காலம் முதல் நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய முறைப்பாடுகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு எண் மட்டும் தவறாமல் வந்தது. கோப்பு எண்கள் எங்களிடம் நிறையவே இருக்கின்றன. தாங்கள் தமிழ் வாசிப்பவர், இந்த வட்டாரத்தில் நீண்டகாலம் பணியாற்றுபவர் என்று கேள்விப்பட்டோம். ஆகவே என் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் களைத்த இடத்தில் நான் தமிழில் தொடங்குகிறேன்.

இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காப் பக்கம் போகும் மின்கம்பிப் பாதையிலிருந்து பிரிந்து வரும் நடைபாதை, சிறுவர் ஊஞ்சல், அதன் பின்னால் புல்வெட்டும் கருவிகள் வைக்கும் பச்சை மரக்கொட்டகை. கோடையில் தங்கள் வாகனம் நிற்கும் அதே இடம்தான்.

1. அந்தக் கொட்டகையின் தென்கிழக்கு மூலையில் அடிப்பலகை உக்கிப்போய் ஒரு துளை விழுந்திருக்கிறது. அதற்குள் ஸ்கங்குகள் குடியிருக்கின்றன. பூனையாக இருக்கலாம் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். பூனையல்ல. அயல்வீட்டு அம்மா துளையின் வாயில் கோதுமை மாவைத் தூவிவிட்டு மறுநாள் காலையில் படம் எடுத்தார். ஐந்து விரல் தடமும், முன்னங்காலின் நீண்ட நகக்கீறலும் தெளிவாகத் தெரிகின்றன. பூனையின் தடத்தில் நான்கு விரல்தான் இருக்கும், நகம் பதியாது. படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். துளையிலிருந்து எங்கள் வேலி எட்டடி தூரம்கூட இல்லை.

2. கொட்டகையின் பின்புறம் யாரோ பூனைகளுக்கென்று தட்டில் உணவு வைக்கிறார்கள். ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் 1 முதல் காட்டுவிலங்குகளுக்கு உணவிடுவதற்குத் தடை இருக்கிறது. பூனைக்கு வைத்தாலும் இரவில் அதைத் தின்பது ஸ்கங்க்தான். அங்கே ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. ஊஞ்சலருகே உள்ள குப்பைத்தொட்டியின் மூடி உடைந்ததும் உடைந்தபடியே கிடக்கிறது.

3. இனி நாங்கள் உண்மையில் படும் பாட்டைச் சொல்கிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் இருக்கிறது. விசர்நாய்த் தடுப்பூசி உட்பட எல்லாம் முறைப்படி போட்டிருக்கிறோம். படுக்கப்போகுமுன் அதைப் பின்வளவில் விட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கும் இயற்கை உபாதை உண்டு. ஸ்கங்க் தானாக வந்து யாரையும் தாக்குவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. முன்னங்கால்களால் தரையைத் தட்டி எச்சரிக்கும், பிறகு வாலைத் தூக்கும், அதற்கும் பிறகுதான் பீய்ச்சும். மனிதன் என்றால் முதல் தட்டிலேயே விலகிவிடுவான். நாய்க்கு அது விளையாட்டுக்கு அழைப்பது என்று படுகிறது. பத்தடிக்கு அப்பாலிருந்தும் ஸ்கங்க் முகத்தைக் குறிபார்த்துப் பீய்ச்சும். ஜிம்மி கண் தெரியாமல் அலறிக்கொண்டு குசினிக் கதவுக்குள் பாய்கிறது. கதவைச் சாத்துவதற்குள் கம்பளத்தில் முகத்தை உரசி, சோபாவின் காலில் உரசி, என் மனைவியின் சேலைத் தலைப்பில் உரசி முடித்துவிடுகிறது.

பூங்காவில் தூரத்திலிருந்து காற்றோடு வருவதை வைத்து அந்த நாற்றத்தை எடைபோடாதீர்கள். கிட்டத்தில் அது மணமே அல்ல. கண் எரியும், தொண்டை அடைக்கும், நாக்கில் கசப்பு ஏறும். கடும் குளிரில் ஜன்னலைத் திறக்க முடியாது. வெப்பமூட்டி இயங்க இயங்கக் கீழ்த்தளத்துக் காற்றை இழுத்து ஒவ்வொரு அறைக்கும் குழாய் வழியாக அனுப்புகிறது. அரை மணி நேரத்தில் மேல்மாடி அலுமாரிக்குள் இருக்கும் துணிவரை நாறுகிறது. வெப்பமூட்டியை நிறுத்தினால் வீடு விறைக்கிறது.

தக்காளிச் சாறு ஊற்றிக் கழுவுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தக்காளிச் சாறு ஒன்றும் செய்யாது. மூன்று வீத ஐதரசன் பெரொக்சைட் ஒரு லீற்றர், கால் கோப்பை அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் கலந்து, நுரை அடங்குவதற்குள் பூச வேண்டும். கண்ணில் படக்கூடாது. ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். மிஞ்சியதைப் போத்தலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கலக்க வேண்டும். நள்ளிரவில் கராஜுக்குள், நடுங்கும் நாயை ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்க, இந்த வயதில் நானும் என் மனைவியும் அதைச் செய்கிறோம். ஜிம்மியின் கறுப்பு மயிர் கழுத்தைச் சுற்றிச் செம்பட்டையாய் வெளிறிவிட்டது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. ஸ்கங்க் பீய்ச்சும் திரவத்தில் உள்ள கந்தகப் பொருள்களில் ஒரு பகுதி மயிரிலேயே தங்கி, ஈரம் பட்டால் மறுபடியும் நாற்றமுள்ள பொருளாக மாறுகிறது என்று மிருக வைத்தியர் விளக்கினார். கழுவி வாரக்கணக்கானாலும் ஒரு மழை பெய்தால், ஒரு பனித்தூறல் நாயின் மேல் விழுந்தால், நாற்றம் திரும்பி வருகிறது. கம்பளத்தை ஈரத்துணியால் துடைத்தாலும் அப்படியே.

நாய் வெளியே போகாத நாளில்கூட நிம்மதியில்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்கள் ஸ்கங்க் இணைசேரும் காலம். கொட்டகைக்கு அடியில் இருக்கும் பெண்ணைத் தேடி ஆண்கள் வரும். வேண்டாத ஆணை விரட்டப் பெண் பீய்ச்சும். அது அவற்றின் குடும்ப விவகாரம். எங்கள் படுக்கையறை ஏன் அதில் பங்கெடுக்க வேண்டும்?

ஐயா, இவை எல்லாவற்றிலும் எங்களை வாட்டுவது வேறொன்று. வீட்டில் இருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடுகிறது. நாங்கள் நாறுகிறோமா இல்லையா என்பது எங்களுக்கே தெரிவதில்லை. பிறர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் பேரனின் குளிர் மேலங்கி குசினிக் கதவோரக் கொளுவியில் தொங்கியது. அவன் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினான். பக்கத்து இருக்கைப் பிள்ளை எழுந்து போனது. மதியத்துக்கு முன் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, மிகவும் மரியாதையாக, மாற்று உடுப்புக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து அவனுடைய மேலங்கியும் புத்தகப்பையும் காரின் பின்பெட்டியில்தான் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை காலையில் வெளிக்கிடுமுன் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மம்மா, மணக்கிறேனா?" என்று கேட்கிறான். "இல்லை ராசா" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் மூக்கு மரத்துவிட்டது.

மாசியில் என் தாயாரின் திவசம் வந்தது. முதல் நாள் இரவு இந்தக் கூத்து நடந்தது. விடிய விடிய வீட்டைக் கழுவி, சாம்பிராணி போட்டு, சமைத்து முடித்தோம். ஐயர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் சால்வையால் மூக்கைப் பொத்தினார். பிறகு நாகரிகமாக அதை எடுத்துவிட்டு, "கெதியாய் முடிப்போம்" என்றார். சாப்பிட வந்தவர்கள் பொதி கட்டித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். குறை சொல்லவில்லை, அவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் அந்த வீட்டில் இருந்தவன் நான்.

4. தொலைபேசியில் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாயைக் கட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கட்டித்தான் கொண்டுபோகிறோம். ஆறடிக் கயிறு பத்தடிப் பீய்ச்சலுக்கு என்ன செய்யும்? அதுவும் இப்போது கயிற்றைப் பிடிப்பவருக்கும் சேர்த்து அபிஷேகம் நடக்கிறது. அசைவு கண்டால் எரியும் விளக்கைப் போட்டோம். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியைக் கராஜுக்குள் வைத்தோம். வேலிக்கு அடியில் ஓரடி ஆழம் தோண்டிக் கம்பிவலை புதைத்தோம். எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது அனைத்தும் செய்தாயிற்று. வலையைச் சுற்றிக்கொண்டு கார்ப்பாதை வழியாக வருகின்றன.

நீங்களே பொறி வைத்துப் பிடியுங்கள் என்றார் இன்னொருவர். ஒன்ராறியோச் சட்டப்படி பிடித்த காட்டுவிலங்கை ஒரு கிலோமீற்றருக்குள்தான் விட வேண்டும். ஒரு கிலோமீற்றர் அதற்கு ஓரிரவு நடை. விடிவதற்குள் அது திரும்பி வந்து தன் பழைய வீட்டில், அதாவது தங்கள் கொட்டகைக்கு அடியில், படுத்துவிடும்.

ஆரோக்கியமாக இருக்கும் காட்டுவிலங்கை நாங்கள் தொடுவதில்லை என்றார்கள். சரி, தொட வேண்டாம். யார் தொடச் சொன்னது? பலகையைத் தொடுங்கள். உக்கிய பலகை காட்டுவிலங்கு அல்லவே!

5. நாங்கள் அவற்றைக் கொல்லச் சொல்லவில்லை. நஞ்சு வைக்கச் சொல்லவில்லை. பூங்காப் புல்லின் வேரைத் தின்னும் புழுக்களை அவை தோண்டித் தின்கின்றன என்பதும் தெரியும். அவை அந்தப் பாதையோரமெல்லாம் வாழட்டும். எங்கள் கோரிக்கை சிறியது:

கொட்டகையைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, அடிப்பகுதி வெளிப்பக்கம் வளைந்திருக்கும்படி கம்பிவலை பதிக்க வேண்டும். தென்கிழக்கு மூலையில் மட்டும் ஒருவழிக் கதவு பொருத்த வேண்டும். இரவில் இரைதேட வெளியே போன விலங்கு திரும்பி உள்ளே வர முடியாது. சில இரவுகள் மாவைத் தூவித் தடம் பார்த்து, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியானதும் துளையை மூடிவிடலாம். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. நகரத்தின் நிலம் என்பதால்தான் நாங்கள் கைவைக்கவில்லை. அனுமதி கொடுத்தால் எங்கள் தெரு இளைஞர்களே செய்வார்கள், வலைக்குக் காசும் நாங்களே கொடுப்போம். அனுமதியும் கேட்டுப் பார்த்தோம். அதற்கும் ஒரு கோப்பு எண் வந்தது.

காலத்தைக் கவனியுங்கள். குட்டிகள் மே மாதத்தில் பிறக்கும். பிறந்த பிறகு தாயை வெளியே அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும். அந்தப் பாவத்துக்கு நாங்களும் உடன்பட மாட்டோம், தாங்களும் உடன்பட மாட்டீர்கள். ஆகவே ஏப்ரல் தவறினால் குட்டிகள் தாயின் பின்னே நடமாடத் தொடங்கும் கோடைவரை எவரும் எதுவும் செய்ய முடியாது. அதற்குள் ஒன்று ஐந்தோ ஆறோ ஆகிவிடும். இதை நான் சென்ற கடிதத்திலும் எழுதினேன், அதற்கு முந்தியதிலும் எழுதினேன்.

6. உணவுத் தட்டை அகற்றி அறிவிப்புப் பலகை வையுங்கள். குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள்.

7. கொட்டகை, கொட்டகை, கொட்டகை. மற்றவை தாமதமானாலும் பொறுக்கிறோம்.

சொத்துவரி ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுகிற குடும்பங்கள் நாங்கள். ஒரு நாள் பிந்தினால் எங்களுக்கு வட்டி போடுகிறார்கள். ஒரு பலகை உக்கி இவ்வளவு காலம் கிடப்பதற்கு யாருக்கு வட்டி போடுவது? வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். இரவு நித்திரை இல்லாதவன் எழுதும் கடிதம் இது.

தயவுகூர்ந்து ஒருமுறை நேரில் வாருங்கள். ஆளை அனுப்பினாலும் போதும். பகலில் வந்தால் துளையைக் காட்டுவேன். பொழுதுபட்ட பின் வந்தால் குடியிருப்பவர்களையே காட்டலாம். பின்கதவு மணி வேலை செய்யாது, முன்கதவைத் தட்டுங்கள். ஜிம்மி குரைக்கும், கடிக்காது. மழை நாளாக இருந்தால் மட்டும் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஏப்ரல் முடிவதற்குள் கொட்டகையின் அடியை அடைத்துத் தருமாறு மீண்டும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வடக்கு வேலியோரக் குடியிருப்பாளர்கள் சார்பில் மனுதாரர்

(தடம் பதிந்த படமும், முந்திய முறைப்பாடுகளின் பிரதிகளும், அயலவர்களின் கையொப்பங்களும் இணைக்கப்பட்டுள்ளன.)