கோல் காவலருக்கும் ஒரு பயிற்றுநர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையிலான காற்பந்துப் போட்டிகளுக்குத் தங்கள் விளையாட்டுப் பக்கம் தொடர்ந்து இடமளித்து வருவது பாராட்டுக்குரியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் நடக்கும் இப்போட்டிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் ஒரு குறையை இக்கடிதத்தின் வழி முன்வைக்க விரும்புகிறேன். வேகமாக ஓட முடியாத பையன், உடம்பு சற்றுப் பருத்தவன், பயிற்சிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவன் ஆகியோரில் ஒருவனிடம்தான் பெரும்பாலும் கோல் காவலர் கையுறை போய்ச் சேருகிறது. மற்றவர்களுக்குப் பந்தைக் கடத்தவும் கட்டுப்படுத்தவும் கற்றுக்கொடுக்கப்படும் நேரத்தில், அவன் கம்பங்களுக்கு நடுவே நின்று மற்றவர்கள் உதைத்துப் பழகும் இலக்காக மட்டுமே இருக்கிறான். தோற்றுவிட்டால் பழி முதலில் அவன் தலையில்தான் விழும்.

நாட்டின் தலைசிறந்த கோல் காவலர்களில் ஒருவராக இன்றும் பேசப்படுகிற ஆர். ஆறுமுகம் நம் சமூகத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால் இந்த அலட்சியம் இன்னும் உறுத்துகிறது. நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று இரசிகர்கள் அழைத்த அவர் சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடியவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் கோல் கம்பங்களைக் காத்தவரும் அவரே. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், அந்தத் தலைமுறைக்கு உரிய மேடை கைநழுவிப் போனது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தபோது ஆறுமுகத்திற்கு வயது 35. அவருடைய பட்டப்பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவரைப் போல் இன்னொருவரை உருவாக்க என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

கோல் காவலரின் தொழில் வாழ்க்கை மற்ற ஆட்டக்காரர்களின் வாழ்க்கையிலிருந்து பெரிதும் வேறுபட்டது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. அணியில் தற்காப்பு ஆட்டக்காரருக்கு நான்கைந்து இடங்கள் உண்டு. ஓர் இடத்தில் வாய்ப்பில்லை என்றால் பக்கத்து இடத்திற்கு மாறிக்கொள்ளலாம். கோல் காவலருக்கோ ஒரே ஓர் இடம். முதல் காவலர் காயமடையவோ சறுக்கவோ செய்யாதவரை, இரண்டாமவர் பருவம் முழுவதும் மாற்று இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க நேரும். ஆட்டமே ஆடாமல் ஆட்டத்திற்குத் தயாராக இருப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஜொகூர் டாருல் தாக்சிம் போன்ற முன்னணி அணியே ஸ்பெயின் நாட்டுக் காவலர்களைக் கொண்டுவந்த பிறகு, உள்ளூர்க் காவலர்களுக்கான அந்த ஒரே இடமும் இன்னும் சுருங்கியிருக்கிறது. சம்பள பாக்கியால் அணிகள் தள்ளாடுவதும் நம் லீக்கிற்குப் புதிதல்ல என்பதால், பையன் கைத்தொழிலோ படிப்போ ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காத்திருப்பவருக்குக் காலம் கைகொடுக்கும் தொழில் இது. இத்தாலியின் டினோ சோஃப் 1982-இல் உலகக் கிண்ணத்தை அணித் தலைவராக ஏந்தியபோது அவருக்கு 40 வயது. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதில் களமிறங்கி, சவூதி அரேபியாவின் பினால்டி ஒன்றைத் தடுத்தார். பந்து எங்கே வரும் என்று கணிக்கும் அறிவு ஆண்டுகள் ஆக ஆகவே கூர்மையடைகிறது. ஆகவே 19, 20 வயதில் இடம் கிடைக்கவில்லை என்று ஒரு கோல் காவலரைக் கழித்துக்கட்டுவது, தாக்குதல் ஆட்டக்காரரை அளக்கும் அளவுகோலால் அவரையும் அளப்பதாகும்.

அவருக்கான பயிற்சியும் தனி வகைதான். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையலாம். முழங்கையை முதலில் தரையில் போட்டால் பந்து நழுவிவிடும். பக்கவாட்டில் கால், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். மழையில்லாத மாதங்களில் பாறைபோல் இறுகிவிடும் நம் பள்ளித் திடல்களில் இதைச் சொல்லித்தராமல் சிறுவனைப் பாயச் சொல்வது கொடுமை. உயரப் பந்தைப் பிடிக்கும்போது இரு கட்டை விரல்களும் பந்துக்குப் பின்னால் நெருங்கியிருக்க வேண்டும். எதிரணி வீரர் தனியாக வரும்போது கோட்டிலேயே நிற்காமல் முன்னே வந்து அவருக்குத் தெரியும் கோலின் அளவைக் குறைக்க வேண்டும். அவர் உதைக்கும் நொடியில் அசையாமல் நிலைகொள்ளவும் வேண்டும். கையுறையின் உள்ளங்கை ரப்பரை ஆட்டத்திற்கு முன் தண்ணீரில் லேசாக நனைத்தால் பிடிப்பு கூடும் என்பதைக்கூடச் சொல்ல ஆளில்லாமல் ஆடுகிற சிறுவர்கள் பலர். தன் அணியினர் காலால் வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் பந்தைக் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992-இல் வந்த பிறகு, காலாலும் நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். அண்மையில் வந்த இன்னொரு விதிப்படி, பந்தை 8 வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைத்துவிடும்.

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு கோல் காவலர் பயிற்றுநர்களுக்கென்றே படிநிலைச் சான்றிதழ்ப் பயிற்சிகளை வகுத்திருக்கிறது. அதன் தலைமையகம் வேறெங்கோ இல்லை, நம் புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது. போட்டிகளை நடத்தும் நம் அமைப்புகள் கிண்ணத்திற்கும் பந்தலுக்கும் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஓய்வு பெற்ற காவலர்கள் இரண்டு மூன்று பேரை அச்சான்றிதழுக்குப் படிக்க வைக்கலாம். பள்ளிகள் தனித்தனியே ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் கோல் காவலர்களையெல்லாம் சனிக்கிழமை காலையில் ஒரே திடலில் சேர்த்துவிட்டால் ஒரு பயிற்றுநர் போதும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆட்டச் செய்திகளில் கோல் அடித்தவரின் பெயரையும் நிமிடத்தையும் வெளியிடுகிறீர்கள். 1-0 என்று முடிந்த ஆட்டத்தில் வென்ற அணியின் கோல் காவலர் யார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காற்பந்து இரசிகன்,
செந்தூல், கோலாலம்பூர்.