லீட்ஸில் இருக்கிற மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

ஃபோட்டோ வந்தது. மரத்தடியில பனிக்கு நடுவுல உன் ஹெல்லிபோர் பூ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. பொண்ணு பார்க்க வந்தா நம்ம தெருப் பெண்கள்கூட இப்போ அப்படி நிக்கிறதில்லைடி!

ஜூன்ல விதை முத்தினதும் அனுப்பட்டுமான்னு கேட்டிருக்க. வேண்டாம். நிழல் கொடுக்க எங்கிட்ட தாராளமா இடம் இருக்கு, குளிருக்கு எங்க போறது? அந்த விதை சில மாசம் வெதுவெதுப்பா மண்ணுல கிடந்து, அப்புறம் நல்லா குளிர் பட்டாத்தான் முளை விடுமாம். பெரம்பூர்ல மார்கழி விடியல்ல 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லா மாட்டிக்கிறாங்க. அதுக்கெல்லாம் அது மசியாது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு முளைக்க வெச்சாலும் சித்திரை வெயில்ல கருகிடும்.

ஒரே பூ ரெண்டு மாசம் நிக்குதுன்னு ஆச்சரியப்பட்டிருந்தியே, காரணம் இருக்கு. பள்ளிக்கூடத்துல செம்பருத்தியைப் பிளேடால கீறிப் படிச்சோமே, அதுல பூவுக்கு அடியில பச்சையா இருக்குமே, அந்தப் புல்லிவட்டம்தான் இதுல இதழ் மாதிரி விரிஞ்சிருக்கு. நிஜ இதழ்கள் நடுவுல சின்னச் சின்னக் குழாயா, தேன் வெச்சுக்கிட்டு நிக்கும். அது உதிர்ந்த பிறகும் புல்லி பச்சை ஏறி அப்படியே இருக்கும். ஜாடியில வெச்சா துவண்டுடுதுன்னா காம்பை ஒட்டக் கிள்ளி, உங்கம்மா உருளியில மிதக்க விடு. பூவோட முகமும் தெரியும்.

கரும்புள்ளி விழுந்த பழைய இலையை இப்பவாவது அடியோட வெட்டி எறி, புது இலைக்கு ஏறிடப் போகுது. கையுறை போட்டுக்கோ. செடி முழுக்க விஷம், சாறு பட்டா தோல் எரியும். பேரனை அண்ட விடாதே.

இங்க எனக்கு டிசம்பர் பூ போதும். பக்கத்து வீட்டுல மாடி எடுத்ததுல இருந்து நம்ம துவைக்கிற கல் பக்கம் காலையில கொஞ்ச நேரம்தான் வெயில். துளசியே இளைச்சுப் போச்சு. இது மட்டும் ஐப்பசி மழையைக் குடிச்சிட்டு மார்கழி பூரா ஊதாவும் வெள்ளையுமா பூத்துத் தள்ளிச்சு. வாசனை கிடையாது, இதழும் தொட்டா கசங்கிடும். ஆனா குழல் நீளமா இருக்கிறதால நாருக்கு நல்லாப் பிடி கொடுக்கும். கனகாம்பரத்தோட சேர்த்துக் கட்டினா கண்ணைப் பறிக்குது. இப்போ பூ ஓய்ஞ்சுடுச்சு, முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடணும்.

மெட்ரோ வேலையில வீடெல்லாம் புழுதி. வேற விசேஷம் இல்லை. பங்குனியில வர்றதா சொன்னியே, டிக்கெட் போட்டாச்சா? வரும்போது செடி வெட்டுற நல்ல கத்தரி ஒண்ணு வாங்கிட்டு வா. என்னோடதுல ஸ்ப்ரிங் போயிடுச்சு.

உன்,
சரோஜா