கோரிக்கை மனு: யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் பாதுகாப்புக் கயிறு கட்டித் தருதல் தொடர்பாக

கோட்டைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பின்னேரம் நாலரை மணி தாண்டினால் பண்ணைக் கடலில் பொழுது சாய்வதைப் பார்க்கக் குடும்பங்கள் மதில்மேல் ஏறத் தொடங்கும். பொல்லூன்றிய அப்பு, கைக்குழந்தையோடு தாய், எல்லாருக்கும் முன்னால் ஓடும் பிள்ளைகள். வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவர் உண்டு. ஆபத்து உட்பக்கத்தில். அங்கே பல இடங்களில் தடுப்பு எதுவும் இல்லை. விளிம்புவரை புல் வளர்ந்திருப்பதால் மதில் எங்கே முடிகிறது என்று கிட்டப் போனால்தான் தெரியும். கடல் பின்னால் தெரியப் படம் எடுப்பவர், ஆட்கள் எல்லாரும் அடங்கவேண்டுமென்று அடியடியாகப் பின்னுக்குப் போவதும் அந்தப் பக்கம்தான்.

விளிம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் உள்ளே தள்ளி இரண்டு வரி நைலோன் கயிறு கட்டித் தருமாறு கேட்கிறோம். மேல்வரி 90 சென்ரிமீற்றர் உயரத்தில். கீழ்வரி 45இல், சின்னப் பிள்ளைகள் குனிந்து நுழையாதபடி. இரும்புச் சங்கிலி வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறிவிடும். கம்பங்கள் தம் பாரத்திலேயே நிற்கும் அடிக்கட்டைகளோடு இருக்கவேண்டும். மதிலில் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

ஏனென்றால் இது முருகைக்கல், கடற்பவளப் பாறையிலிருந்து வெட்டிய கல். கிட்ட நின்று பார்த்தால் சில கற்களில் மூளை மடிப்பைப் போன்ற கோலம் அப்படியே தெரியும். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்ப்பார்கள், சிலர் நகத்தால் கிண்டுவார்கள். நுண்துளை நிறைந்த கல் ஈரத்தையும் உப்பையும் குடிக்கும்; சுண்ணச்சாந்து அந்த ஈரத்தை ஆறவிடும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு பளிங்காகி, கல்லின் முகம் மாவாக உதிரும். ஆகவே தேய்ந்த படிகளையும் சுண்ணச்சாந்தாலேயே திருத்தவேண்டும். கார்த்திகை மழையில் படிகள் பாசி பிடித்துவிடும். அந்த மாதங்களில் படிகளை மூடி, சரிவுப்பாதையால் மட்டும் ஏறவிடுவது நல்லது.

இடிந்த தேவாலயத்தின் முன் ஒரு பலகையும் வேண்டும். 1706இல் சிலுவை வடிவில் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990 போரில் அழிந்தது. இன்று வருவோர் காண்பது கற்குவியல், “எங்கே தேவாலயம்?” என்று கேட்டுக்கொண்டே அதைக் கடந்து போகிறார்கள். அழியுமுன் எடுத்த ஒரு படமும் தரைவரைபடமும் மும்மொழியில் நாலு வரியும் போதும். போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண உட்கோட்டையை 1680இலும் வெளியரண்களை 1792இலும் முடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள் என்பதையும் அதிலேயே எழுதலாம். கட்டி முடித்து மூன்றே வருடம் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆண்டுகள் பிறகு மறக்காது.

குடிதண்ணீர்க் குழாயும் நிழற்கொட்டிலும் வாசலருகே ஒவ்வொன்று போதும். மலசலகூடத்துக்கு அம்புக்குறி வேண்டும். குப்பைத்தொட்டியை அகழிப் பாலத்துக்கு முன்னே வையுங்கள். கச்சான் சரை வெறுமையாவது பாலத்தில்தான், அகழிக்குள் விழுவதும் அங்கேதான்.

கயிறு கட்டவேண்டிய இடங்களை நாடாவால் அளந்து காட்ட, தாங்கள் குறிக்கும் காலைவேளையில் வரத் தயாராக இருக்கிறோம். வெயில் ஏறுமுன் எட்டு மணி வசதி.

இப்படிக்கு,
கோட்டைக்கு ஆட்களை அழைத்துவரும் வழிகாட்டிகளும் வான் சாரதிகளும்