லண்டனில் எரிந்த கோயில்கள் எல்லாமே திரும்ப எழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரை, 1666 பெருந்தீயில் எரிந்த தேவாலயங்களையெல்லாம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மறுபடி கட்டிக் கொடுத்தார் என்கிறது. அது சரியில்லை. அந்தத் தீயில் போன பங்குக் கோயில்கள் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதி) எண்பதுக்கும் மேல். 1670ஆம் ஆண்டுச் சட்டம் 51 கோயில்களுக்குத்தான் இடம் கொடுத்தது. அதற்கான பணமும் லண்டனுக்குக் கப்பலில் வந்த நிலக்கரி மீது போட்ட வரியிலிருந்து வர வேண்டியிருந்தது. மற்றக் கோயில்களின் பங்குகளைப் பக்கத்துப் பங்கோடு இணைத்துவிட்டார்கள். அவற்றின் மனைகளில் சில தெருவை அகலப்படுத்தப் போயின, சில கல்லறைத் தோட்டமாகவே கிடந்தன.

அப்படித் திரும்பி வராத கோயில்களில் ஒன்று செயின்ட் மேரி கோல்சர்ச். பவுல்ட்ரி தெருவும் ஓல்டு ஜூவரி சந்தும் சேரும் முனையில், 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்த கோயில் அது. கோல் என்ற ஒருவர் கட்டியதால் அந்தப் பெயர் என்று, 1598இல் லண்டன் நகரைத் தெருத் தெருவாக விவரித்து நூல் வெளியிட்ட ஜான் ஸ்டோ சொல்கிறார். கோயில் தரைமட்டத்தில் இல்லை, கல் வளைவு அறை ஒன்றின் மேல் நின்றது, படியேறித்தான் போக வேண்டும் என்பதும் அவர் தரும் விவரமே. பழைய மதிலுக்குள் இருந்த லண்டன் சுமார் அரை சதுர மைல்தான். அதற்குள் நூறு பங்குகள் அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. வசதி படைத்தவர்கள் தங்கள் மனையிலேயே சிறு கோயில் கட்டிக்கொண்ட காலம் அது. ஆகவே இவற்றைப் பெரிய பேராலயங்களாக யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

இந்தச் சின்னக் கோயிலின் குருவான பீட்டர்தான் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மீது முதல் கல் பாலத்தைக் கட்டத் தொடங்கியவர். வேலை 1176இல் ஆரம்பித்தது. அவர் 1205இல் இறந்தார், பாலம் முடிந்தது 1209இல். பாலத்தின் மேலேயே இருந்த சிற்றாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சிற்றாலயம் 1170இல் கான்டர்பரி பேராலயத்தில் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரில் அமைந்தது. பெக்கெட் பிறந்தது அருகிலுள்ள சீப்சைடில், ஞானஸ்நானம் பெற்றது கோல்சர்ச்சில் என்பது பழைய மரபு. பீட்டரின் பாலம் 600 ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1831இல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் இடிக்கப்பட்டது. பயணக் கட்டுரைகளில் இந்தப் பாலத்துக்குக் குறைவில்லை. கட்டியவரின் கோயிலைத்தான் யாரும் தேடுவதில்லை.

கோயில் போனாலும் பங்கு சட்டப்படி உயிரோடுதான் இருந்தது. இணைப்புக்குப் பிறகும் இத்தகைய பங்குகள் தனி நிர்வாகிகள், தனி வரி, தனி எல்லைக்கல் என்று தொடர்ந்தன. கோல்சர்ச் 1670இல் செயின்ட் மில்ட்ரெட் பவுல்ட்ரியோடு சேர்ந்தது. ரென் கட்டிய அந்தக் கோயிலும் 1872இல் இடிபட, இரண்டும் செயின்ட் ஓலேவ் ஜூவரிக்குப் போயின. 1887இல் அதையும் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு இடித்தார்கள். கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்த இடம் செயின்ட் மார்கரெட் லாத்பரி. இந்த இரண்டாம் சுற்று அழிவுக்குத் தீ காரணமில்லை. 1801இல் சுமார் 1,28,000 பேர் குடியிருந்த சிட்டியில், அதாவது லண்டனின் நடுவிலுள்ள பழைய நகரப் பகுதியில், 1901இல் மிஞ்சியவர்கள் 27,000 பேர்தான். வீடுகள் இருந்த இடமெல்லாம் வங்கியும் அலுவலகமுமாக ஆயின. பங்குகளை இணைக்க 1860இல் வந்த சட்டம், ஆளில்லாத கோயிலை இடித்து, மனையை விற்று, அந்தப் பணத்தில் புறநகரில் கோயில் கட்ட வழி செய்தது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தடுமாறுவது இந்தச் சங்கிலியில்தான். கோல்சர்ச் பங்கில் ஒரு பெயரைத் தேடினால், தீ வரைக்கும் அதன் சொந்தப் பதிவேடு (ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதும் ஏடு), பிறகு மில்ட்ரெட், பிறகு ஓலேவ், அதற்கும் பிறகு மார்கரெட் என்று அதே வரிசையில் போக வேண்டும். இணைந்த பங்குகள் சில ஒரே புத்தகத்தில் எழுதின, சில தனித்தனியாக வைத்தன. அதனால் ஒன்றில் இல்லை என்றதும் விட்டுவிடக் கூடாது. அடக்கப் பதிவுகள் 1850களோடு நின்றுவிடும், ஏனென்றால் நகருக்குள் புதைப்பதை அப்போது சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

கோயிலின் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டுதான் தேட வேண்டும். தீக்கு முன் சிட்டிக்குள் ஆல் ஹாலோஸ் என்ற பெயரில் மட்டும் 8 கோயில்கள். செயின்ட் மேரி அதைவிட அதிகம்: அப்சர்ச், ஆல்டர்மன்பரி, ஆல்டர்மேரி, போத்தா, கோல்சர்ச், ஸ்டெய்னிங், உல்சர்ச், உல்நாத் என்று பட்டியல் நீளும். பின்னொட்டை விட்டுவிட்டு வெறும் செயின்ட் மேரி என்று தேடினால் கிடைப்பது வேறு யாருடைய பாட்டனாரோ.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே பதிவேட்டில் ‘ஜனவரி 1666’ என்று இருந்தால் அது தீக்கு முந்தியது அல்ல, செப்டம்பரில் எரிந்து முடிந்து நான்கு மாதம் கழிந்த 1667 ஜனவரி. இதைக் கவனிக்காமல், தீக்குப் பிந்திய பதிவைத் தீக்கு முந்தியது என்று எண்ணிக் குழம்புபவர்கள் உண்டு.

பதிவேடு எழுதும்படி மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டது 1538இல். ஆனால் பல பங்குகளில் 1558க்கு முந்தைய ஏடு கிடைக்காது. 1598இல் பழைய காகித ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதல் எழுதினால் போதும் என்று பலர் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு நகரின் ஹஸ்டிங் நீதிமன்றத்தில் பதிவான உயில்களே கைகொடுக்கும். அவை 1258 முதல் இருக்கின்றன. எந்தப் பீடத்துக்கு மெழுகுவர்த்தி, எந்தக் குருவுக்கு எவ்வளவு கூலி, எந்தப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவற்றில் எழுதி வைத்திருப்பதால், மறைந்த கோயிலின் உட்புறத்தைக்கூட ஓரளவு அறியலாம்.

பதிவேடுகள் இருப்பது கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில். 2024 வரை அதற்கு லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ் என்று பெயர். பழைய நூல்களின் அடிக்குறிப்பில் கில்ட்ஹால் நூலகம் என்று இருந்தாலும் இங்கேதான் கேட்க வேண்டும்.

நேரில் பார்க்க விரும்புவோர் பேங்க் நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கி, பவுல்ட்ரி வழியே மேற்கே நடந்தால் வலப்புறம் ஓல்டு ஜூவரி வரும். அந்தச் சந்துக்குள் போனால் ஓலேவ் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பின்புறம் சில நிமிட நடையில் செயின்ட் மார்கரெட் லாத்பரி. அந்த வங்கியே ஒரு கோயிலை விழுங்கியதுதான். 1780இல் லண்டனில் நடந்த கலவரத்துக்குப் பின், பக்கத்திலிருந்த செயின்ட் கிறிஸ்டோபர் லெ ஸ்டாக்ஸின் கோபுரத்தில் ஏறி வங்கியைத் தாக்கலாம் என்று பயந்தார்கள். வங்கிக்கு இடமும் தேவைப்பட்டது, 1782இல் கோயிலை இடித்தார்கள். அங்கிருந்த மோசே, ஆரோன் ஓவியங்கள் இப்போது மார்கரெட் கோயிலில் உள்ளன. ஞானஸ்நானத் தொட்டி ஓலேவிலிருந்தும், மரச் செதுக்குத் தடுப்பு 1894இல் இடித்த ஆல் ஹாலோஸ் தி கிரேட்டிலிருந்தும் வந்தவை. வார நாளில் போவது நல்லது. சனி, ஞாயிறுகளில் சிட்டியின் கோயில்கள் பலவும் பூட்டியே இருக்கும்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை