அக்காவுக்கு, நியூசிலாந்தின் லோயர் ஹட்டிலிருந்து

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் நலம். அங்கே அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? சனிக்கிழமையானால் இவள் போனை எடுப்பதே இல்லை என்று அம்மா புலம்புவதாக எழுதியிருந்தாய். சம்பளம் இல்லாமல் அப்படி என்ன வேலை என்று நீயும் கேட்டிருந்தாய். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினாலு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பெண் பிள்ளைகளுக்காக இங்கே ஒரு நாள் தலைமைத்துவ மாநாடு நடத்தினோம். மாநாடு என்றதும் உனக்குப் பந்தலும் பொன்னாடையும் ஞாபகம் வரும். இது ஒரு சமூகக் கூடத்தில், வாடகை நாற்காலிகளைப் போட்டு, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தியது. பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்பதால் என்னைப் பற்றிப் போலீஸ் சரிபார்ப்பு கூட முடித்தார்கள். செலவுக்கு ஒரு பெரிய கடை வாசலில் சனிக்கிழமைகளில் சாசேஜ் என்கிற அரைத்த கறி உருளையைச் சுட்டு விற்றோம். ஒரு ரொட்டித் துண்டு, அதில் ஒரு சாசேஜ், மேலே வதக்கிய வெங்காயம், தக்காளி சாஸ், அவ்வளவுதான். பள்ளிக்கூடம், விளையாட்டுக் கிளப் எல்லாம் இங்கே இப்படித்தான் பணம் சேர்க்கிறார்கள். நான் கறி தொடமாட்டேன் என்று தெரிந்து வெங்காயத்தை என்னிடம் விட்டுவிட்டார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஹலால் சாசேஜுக்குத் தனித் தட்டும் தனி இடுக்கியும் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் நடத்தியதற்குக் காரணம் உண்டு. 1893 செப்டம்பர் 19 அன்றுதான் நியூசிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை சட்டமானது. தன்னாட்சி பெற்ற நாடுகளில் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த முதல் நாடு இதுதான். அதற்காக முன்னின்று போராடிய கேட் ஷெப்பர்டின் படத்தைப் பத்து டாலர் நோட்டில் போட்டிருக்கிறார்கள். ஓட்டுரிமை கேட்டு அந்தக் காலப் பெண்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவை வெலிங்டன் தேசிய நூலகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். மாநாட்டுக்கு முன் ஏற்பாட்டுக் குழுப் பிள்ளைகளை ரயிலில் அழைத்துப் போய்க் காட்டினோம். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, அக்கா. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போய் 270 மீட்டருக்கு மேல் நீளமாம்! துடைப்பக் கட்டையில் சுற்றி எடுத்துப் போய், ஜான் ஹால் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் தரையில் உருட்டிவிட, அது எதிர்ச் சுவரில் போய் இடித்து நின்றதாம். இந்த ஒரு மனுவில் மட்டும் கையெழுத்திட்டவர்கள் 25,000 பேருக்கு மேல், அந்த வருஷம் கொடுத்த மற்ற மனுக்களையும் சேர்த்தால் 32,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கையெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாசித்தார்கள்.

ஓட்டு 1893இல் வந்தாலும் தேர்தலில் நிற்கும் உரிமை 1919இல்தான் வந்தது, முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ப்ஸ் ஜெயித்தது 1933இல். நாற்பது வருஷமா என்று பிள்ளைகளுக்குக் கோபம். உங்கள் ஊரில் பெண்களுக்கு ஓட்டு எப்போது வந்தது என்று என்னைக் கேட்டார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் 1921இல், அதுவும் சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் என்று சொன்னேன், முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குப் போன கதையையும் சொன்னேன். நீ சின்ன வயதில் எனக்குச் சொன்னதுதான்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் யாரைப் பேச வைப்பது என்று பெரியவர்கள் நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எம்.பி. ஒருவரைக் கூப்பிடலாம், கம்பெனி நடத்தும் அம்மா ஒருவரைக் கூப்பிடலாம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்போது பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, "தம்பி தங்கச்சியையும் கூட்டி வரலாமா?" என்று கேட்டாள். சனிக்கிழமை அம்மா துப்புரவு வேலைக்குப் போய்விடுவாராம், சின்னவர்களை இவள்தான் பார்க்க வேண்டுமாம். அவள் சொன்னதும் ஆப்கான் பிள்ளை தலையாட்டினாள், டோகலாவ் தீவுப் பிள்ளை தலையாட்டினாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் எனக்கும் அப்படித்தான் ஆன்ட்டி என்றாள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது அந்த இடத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் இவ்வளவு பொறுப்பைச் சுமக்கிற பிள்ளைக்குத்தான் தலைமைப் பயிற்சிக்கு வர நேரமில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை, அக்கா. பக்கத்து அறையைச் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கச் சொன்னேன், அங்கே நானே இருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பேச்சாளர்களைப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள், ஒரு பெண் எலக்ட்ரீஷியன், ஒரு மருத்துவச்சி. எம்.பி. பார்வையாளராக வந்தால் போதும் என்றார்கள்.

மாநாட்டு நாள் காலையில், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முறைப்படி வரவேற்பு. அவர்கள் தங்களை அறிமுகம் செய்யும்போது முதலில் தங்கள் மலையைச் சொல்வார்கள், அடுத்து ஆறு, அப்புறம் குலம், கடைசியில்தான் பெயர். எங்களையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். என் மலை சிறுமலை, என் ஆறு குடகனாறு என்று கூடம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் சொன்னபோது குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நாள் முழுக்க நான் அந்த அறையில்தான். ஒரு மூன்று வயதுப் பொடியன் என் மடியை விட்டு இறங்கவே இல்லை. மேசை மேல் ஏறி உட்காரப் போன பிள்ளையை ஆறு வயது மாவோரிச் சிறுமி ஒருத்தி, சாப்பாடு வைக்கிற இடம் என்று சொல்லி இறக்கிவிட்டாள், நம் பாட்டி மாதிரியே. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காமார் ஓட்டுப் போடும் வயதைப் பதினாறாகக் குறைக்க வேண்டுமா என்று சத்தம் போட்டு விவாதித்தார்கள். பதினெட்டு என்று வைத்திருப்பது உரிமைச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 2022இல் இங்கே உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, ஆனால் வயது இன்னும் மாறவில்லை. வேண்டாம் என்று பேசிய பிள்ளையும் நன்றாகத்தான் பேசினாள்.

அடுத்த வருஷக் குழுவுக்கு அந்த சமோவாப் பிள்ளையைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சின்னவர்கள் அறைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று இப்போதே என்னிடம் கணக்குக் கேட்கிறாள். உன் பள்ளியிலும் சிறப்பு வகுப்புக்கு வராத மாணவிகளை இதே மாதிரி கேட்டுப் பாரேன், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. சனிக்கிழமை ராத்திரி பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல். மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அன்புத் தங்கை