தண்டவாளத்தின் சூட்டைக் கணக்கில் எடுத்தீர்கள், பயணியை எடுக்கவில்லை

அனுப்புநர்: ரயில்–கப்பல் இணைப்புப் பயணச்சீட்டில் தனியாகப் பயணம் செய்த வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கடும் கோடை நாளில் ஏசி வேலை செய்யாத பெட்டி, தவறவிட்ட கப்பல், நிழலில்லாத காத்திருப்பு, செல்லாமல் போன பயணச்சீட்டு குறித்து

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. வெப்பம் இயற்கையால் வந்தது, அதற்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது என்பதுதான் அதன் சாரம். வெயிலுக்காக நான் உங்கள்மேல் புகார் சொல்லவில்லை. வெயில் வரப்போகிறது என்று தெரிந்தும், அந்த வெயிலில் தனியாக வரும் ஒருவருக்கு நீங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்பதே என் புகார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு "கடும் வெப்ப எச்சரிக்கை, போதிய தண்ணீர் எடுத்து வாருங்கள்" என்று உங்களிடமிருந்தே எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆக, உங்களுக்குத் தெரியும்.

அன்று நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

ரயில் காலை 9.10-க்குச் சரியான நேரத்தில் கிளம்பியது. ஒரு மணி நேரம் போயிருக்கும், எங்கள் பெட்டியில் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் திறக்கவே முடியாத வகை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது, சூடு வெளியே போக வழியில்லை. அரை மணி நேரத்தில் இருக்கையின் கைப்பிடியில் முழங்கையை வைக்க முடியவில்லை. என் முன்னால் இருந்த மடக்கு மேசையில் ஒட்டியிருந்த அவசர உதவி எண் ஸ்டிக்கர், பசை இளகி, ஓரம் சுருண்டு எழுந்து நின்றது. அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டேன். பதிவு செய்த குரல் மட்டும் பேசியது.

டிக்கெட் பரிசோதகர் வந்தபோது வேறு பெட்டிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டியும் நிரம்பியிருக்கிறது என்றார். அப்புறம், "கூட வந்தவங்ககிட்ட பையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, நீங்க கொஞ்ச நேரம் வாசல் பக்கம் போய் நில்லுங்க" என்றார். கூட யாரும் வரவில்லை என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தனியாக வந்தவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பதினோரு மணி வாக்கில் ரயில் ஊர ஆரம்பித்தது. "தவிர்க்க முடியாத காரணங்களால் ரயில் தாமதமாகச் செல்கிறது" என்று அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னவர் என் எதிர் இருக்கைக்காரர். தண்டவாளப் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவராம். நேரடி வெயிலில் தண்டவாளம் காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும் என்றார். ஒரு கிலோமீட்டர் நீள எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். 30 டிகிரி ஏறினால் 35 சென்டிமீட்டருக்கு மேல். முன்பு துண்டு துண்டாக இருந்த தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். இப்போது பற்றவைத்து ஒரே நீளமாகப் போடுவதால் நீள இடமில்லை, அந்த அழுத்தம் முழுக்க உள்ளேயே சேர்கிறது, அளவு மீறினால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் சூடு ஒரு வரம்பைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கிறார்கள், வேகம் குறைந்தால் பாதையின்மேல் விழும் விசையும் குறையும்.

கேட்டதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. வேகத்தைக் குறைத்தது சரியான முடிவு. அதற்காக உங்களுக்கு நன்றியும் சொல்வேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரும்பு எத்தனை டிகிரியில் என்ன ஆகும் என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது, அதற்கு ஓர் ஆள் பொறுப்பாக இருக்கிறார், வரம்பு தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதே வெயிலில் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்படி ஒரு கணக்கு ஏன் இல்லை? பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று அன்று யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கூச்சப்பட்டுப் பயனில்லை. நான் கொண்டு வந்த இரண்டு லிட்டர் தண்ணீரில் பாதியைக்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் பைகளை யார் பார்ப்பது? "உங்கள் உடைமைகளைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்லாதீர்கள்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான். தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று செய்தி அனுப்பினால் மட்டும் போதாது. அதைக் குடிக்கிற சூழல் இருக்க வேண்டும்.

துறைமுக நிலையத்துக்கு 1.20-க்கு வந்திருக்க வேண்டிய ரயில் 2.12-க்கு வந்தது. கப்பல் 2.30-க்கு. புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கதவு மூடியாகிவிட்டது. கப்பல் கண்ணெதிரே நிற்கிறது. ரயிலும் உங்களுடையது, கப்பலும் உங்களுடையது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கியிருக்கிறேன். ரயில் தாமதம் என்று காலை பதினோரு மணிக்கே உங்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் கப்பல் பக்கம் போகவே இல்லை என்று கவுன்ட்டரில் இருந்தவரே சொன்னார். அடுத்த கப்பல் மாலை 6.30-க்கு.

அந்த நான்கு மணி நேரத்தைத்தான் நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

காத்திருப்புக் கூடம் பழுதுபார்ப்புக்காகப் பூட்டியிருந்தது. வெளியே சிமென்ட் தளம், இரும்புக் கம்பி வேலி, வரிசை. நிழல் என்று இருந்தது ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல்தான். அது நகர நகர நாங்களும் பைகளோடு நகர்ந்தோம். கடற்கரையில் காற்று வீசுமே என்று நினைப்பீர்கள். வீசியது, ஆனால் ஈரக் காற்று. வியர்வை காயாமல் அப்படியே வழிந்தது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், வழிந்து போவதால் பயனில்லை என்று மறுநாள் மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் நுழைவாயிலுக்கு அருகே, முந்நூறு அடி தள்ளி இருந்தது. குடும்பமாக வந்தவர்கள் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு ஒருவர் போய்ப் பாட்டிலை நிரப்பி வந்தார்கள். நான் ஒரு தடவை போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது என் இடம் போயிருந்தது, வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அப்புறம் போகவில்லை.

ஐந்து மணிக்குக் கைபேசி அணைந்துவிட்டது. சார்ஜ் இருந்தது, ஆனால் சூடு தாங்கவில்லை. ஆறும்வரை பயன்படுத்த முடியாது என்று திரையில் எழுத்து வந்தது, பிறகு கருப்பு. 35 டிகிரி வரையிலான சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல கைபேசிகளுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பயணச்சீட்டோ அந்தக் கைபேசிக்குள், உங்கள் ஆப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. அச்சிட்ட சீட்டு தருவதைப் போன வருடமே நிறுத்திவிட்டீர்கள். வாயிலில் இருந்தவரிடம் அடையாள அட்டையைக் காட்டினேன், பெயரை வைத்துப் பட்டியலில் பாருங்கள் என்றேன். கியூஆர் கோடு இல்லாமல் முடியாது என்றார். "கூட வந்தவங்க போன்ல இருக்குமா பாருங்க" என்றார். மறுபடியும் அதே பேச்சு. கடைசியில் முழுக் கட்டணம் கொடுத்து வேறொரு சீட்டு வாங்கினேன். ஏற்கெனவே பணம் கட்டிய அதே கப்பல் பயணத்துக்கு!

ஏறுபாலத்தில் கால் வைத்தது நினைவிருக்கிறது. அதற்கு முன்பே கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, தலை லேசாகச் சுற்றல். கொஞ்சம் களைப்பு, கப்பலில் ஏறி உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலத்தின் முடிவில் ஓர் ஊழியர் நின்று, ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன எண்ணும் கருவி, கட்டைவிரலால் ஒவ்வொருவருக்கும் ஒரு 'டிக்'. நான் வந்தபோது அந்த விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டார். கிழமையை நான் தவறாகச் சொன்னேனாம். "தனியா வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நான் பார்த்துக்கறேன், நீங்க உட்காருங்க" என்றார்.

கருவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு என்னை உள்ளே அழைத்துப் போனார். கால்களை உயர்த்தி வைத்துப் படுக்க வைத்தார். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஒரு அட்டையால் விசிறினார். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்து, ஒரேயடியாகக் குடிக்காதீர்கள் என்று சொல்லி, மடக்கு மடக்காகக் கொடுத்தார். தரையில் வைத்திருந்த என் பைகளைத் தன் காலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டார். காலையிலிருந்து அந்தப் பைகளை நான் கையைவிட்டு விட்டது அப்போதுதான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மாலை 6.30 கப்பல், முன்பக்க ஏறுபாலம், அவ்வளவுதான் தெரியும். தேடிப் பார்த்து அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மருத்துவர் சொன்ன ஒரு விஷயத்தை உங்கள் அதிகாரிகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டுகிற வெப்பத்தாக்கில் மூளைதான் முதலில் குழம்பும். பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டிருப்பது தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அந்த விளிம்பு வரை போயிருக்கலாம் என்றார். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வசித்த முதியவர்கள். வெயில் காலத்தில் தனியாக இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள் என்று சுகாதார அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் ஏறியபின் தனியாக வந்தவரை யார் பார்ப்பது? நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடலில் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-ல் கடல் பயணிகளின் உயிர்ப் பாதுகாப்புக்கென்று சர்வதேச உடன்படிக்கை ஒன்று உருவானது. இன்று நடப்பில் இருக்கும் அதன் 1974-ஆம் ஆண்டு வடிவத்தின்படி, பயணிகள் கப்பல் புறப்படும் முன் ஏறியவர்களை எண்ணியாக வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டதால்தான் நான் பிழைத்தேன். ரயிலிலும் படகுத்துறையிலும் என்னை யாரும் எண்ணவில்லை.

இனி நான் கேட்பது. இரண்டாவதாக வாங்கிய சீட்டின் முழுத் தொகையும், தவறவிட்ட கப்பலுக்கு உரிய தொகையும் திரும்ப வேண்டும். ஏசி பழுது எப்போது பதிவானது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் வேண்டும். இவை எனக்காக.

அடுத்த கோடைக்குள் செய்ய வேண்டியவை வேறு. கேட்பவர்களுக்கு அச்சிட்ட சீட்டு கொடுங்கள், அல்லது அடையாள அட்டையை வைத்துப் பட்டியலில் பார்க்க வாயிலில் உள்ளவருக்கு அனுமதி கொடுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்தால் தண்ணீருக்குப் போய்விட்டு வந்தாலும் இடம் இருக்கும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு கட்டுக் காகிதம் போதும். பைகளை வைத்துவிட்டுப் போக ரயிலிலும் துறையிலும் பூட்டும் அலமாரி வையுங்கள். ரயில் தாமதமானால் கப்பலுக்குத் தகவல் போகட்டும். காத்திருப்புக் கூடத்தைப் பழுதுபார்க்கக் கோடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் ஒரு பந்தலாவது போடுங்கள். ஏசி நின்ற பெட்டியில் சூடு எவ்வளவு என்று அளந்து, இத்தனை டிகிரிக்கு மேல் போனால் பயணிகளை இறக்கி மாற்ற வேண்டும் என்று ஒரு வரம்பு எழுதி வையுங்கள், தண்டவாளத்துக்கு வைத்திருப்பது போல.

இந்த வழியில் நான் மறுபடியும் வருவேன். அக்கரையில் என் மகள் இருக்கிறாள், எனக்கு வேறு வழியும் கிடையாது, தனியாகத்தான் வருவேன்.

இரண்டு பயணச்சீட்டுகளின் நகல், மருத்துவர் குறிப்பு, நீங்கள் அனுப்பிய வெப்ப எச்சரிக்கைச் செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். முப்பது நாட்களுக்குள், ஒரு மனிதர் படித்து எழுதிய பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் இணைப்புச் சீட்டுப் பயணி