திரையில் தெரிவது இயந்திரத்தின் நிலைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சிறு தொழிற்சாலைகளில் பழைய பட்டன் பேனல்களைக் கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் பொருத்துவது பெருகிவருவதைப் பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரை வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் திரையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி கட்டுரையில் எங்கேயும் வரவில்லை. ராத்திரி ஷிஃப்டில் அதன் முன்னால் நிற்கும் ஆட்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். துணியைச் சுழலவிட்டுச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் பருத்தித் துணி, ரியாக்டிவ் சாயம். 60 டிகிரிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். திரையில் 52 டிகிரி என்றே வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒடிசாவிலிருந்து வந்த பையன், நல்ல கவனமானவன். ஸ்டீம் சரியாக வரவில்லை என்று நினைத்து பைபாஸ் வால்வைக் கையால் திறந்துவிட்டான். உள்ளே வெப்பம் ஏற்கெனவே 60-ஐத் தொட்டிருந்தது. மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்கும் திரைக்கும் நடுவில் போகும் கேபிள் அதிர்வில் கழன்றிருக்கிறது. பிஎல்சி தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்க, திரை மட்டும் கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறி லாட் முழுவதும் வீண். மறுநாள் காலை எல்லோரும் அந்தப் பையனைத்தான் பிடித்துக் கேட்டார்கள். அவன்மேல் ஒரு தப்பும் கிடையாது. மெஷினின் வயிற்றுக்குள் நடப்பதை அறிய அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தத் திரைதான்.

தொடர்பு அறுந்தால் அறுந்தது என்று திரை சொல்லவேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. பிஎல்சிக்குள் ஒரு எண் நொடிக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும்படி எழுதிவைப்பார்கள். திரை அந்த எண்ணையே கவனித்துக்கொண்டிருக்கும். மூன்று நொடிக்கு அது நகராவிட்டால், காட்டிக்கொண்டிருக்கும் அளவுகளையெல்லாம் அழித்துவிட்டு 'தொடர்பு இல்லை' என்று பெரிய எழுத்தில் போடவேண்டும். கைதேர்ந்த புரோகிராமருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. மெஷின் கொடுத்தவர்களிடம் இதைக் கேட்டபோது, "யாரும் கேட்கலைங்க, அதனால போடலை" என்றார்கள். வாங்குகிறவர்கள் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

வால்வு விஷயம் இன்னும் முக்கியம். 'மூடு' என்று கட்டளை போன உடனேயே பல திரைகளில் வால்வின் படம் நிறம் மாறிவிடுகிறது. வால்வு நிஜமாகவே மூடியதா என்று யாரும் பார்த்துச் சொல்வதில்லை. காற்றழுத்தம் குறைந்தாலோ, பஞ்சும் நூலும் போய் அடைத்தாலோ அது பாதியிலேயே நிற்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அதிகாலையில் நடந்ததும் இதுதான். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வை இயக்கும் காயிலுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும்தான் காட்டும். வால்வு இருக்கும் நிலையைக் காட்டாது. மூடிவிட்டது என்று நம்பி ஆபரேட்டர்கள் மற்ற காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியே போய், உலையின் மையம் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

சாயப்பட்டறை அணு உலை இல்லை, சரி. ஆனால் பாலியெஸ்டர் ஓட்டும்போது மூடிய பாத்திரத்துக்குள் 130 டிகிரியில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. வடிகால் வால்வும் மூடியும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அதனதன் மேலேயே பொருத்திய லிமிட் ஸ்விட்ச் (முழுதாக மூடியதும் அழுந்தும் சின்ன ஸ்விட்ச்) சொல்லவேண்டும், திரை அதைத்தான் காட்டவேண்டும். கட்டளை போய்விட்டது, ஸ்விட்ச் இன்னும் பதில் சொல்லவில்லை என்ற இடைநிலைக்கு வேறொரு நிறம் வேண்டும். அந்த நிறம் நீண்ட நேரம் மாறாமல் நின்றால் அதுவே அலாரம்.

அலாரம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடத்துக்குள் இரண்டு ஆபரேட்டர்கள்மேல் வந்து விழுந்தவை 275 அலாரங்கள். எது முக்கியம் என்று மனிதன் பிரித்தறிய வழியே இல்லை. எங்கள் மெஷினிலும் கரண்ட் போய் வந்தால் பக்கம் பக்கமாக அலாரம் ஓடுகிறது. ஆபரேட்டர்கள் படிக்காமலே அடித்து அடித்து அணைக்கப் பழகிவிட்டார்கள்.

இனி திரைக்குப் பின்னால் இருக்கும் கணினி. செலவைக் குறைக்க, ஆபீஸ் மேசையில் வைக்கும் சாதாரண கம்ப்யூட்டரையே மெஷினுக்கு மாட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினில் ஒரு லாட் துணி ஓடும்போது அது அப்டேட் போட்டு மறுபடி ஸ்டார்ட் ஆகும். கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டு அடுத்தமுறை எழாமலே போகலாம். இதற்கென்றே, கருவிக்குள் பதித்து ஓட்டும் எம்பெடட் ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருக்கின்றன. மெஷினுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடலாம். லினக்ஸ் என்றால் சிஸ்டம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைக்கலாம். எழுதுவதையெல்லாம் ராம் நினைவகத்துக்குத் திருப்பிவிடும் வசதி விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட்டிலேயே இருந்தது. எப்போது கரண்ட் போனாலும் திரும்ப வரும்போது முதல் நாள் இருந்த அதே சிஸ்டம் எழுந்து வரும். புரோகிராம் உறைந்துபோனால் தானாகவே மறுபடி ஸ்டார்ட் செய்யும் வாட்ச்டாக் டைமரும் பெரும்பாலான போர்டுகளில் இருக்கிறது. அதை இயக்கிவைக்க வேண்டியதுதான் பாக்கி.

எதை, எவ்வளவு அடிக்கடி ஃபிளாஷ் மெமரியில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில்) எழுதுகிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். அந்தச் சிப்பில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு. 2021-ல் டெஸ்லா நிறுவனம் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான்: 8 ஜிபி சிப்பில் எழுதி எழுதி அது தேய்ந்து, நடுவிலிருக்கும் டச் ஸ்கிரீன் செத்துப்போனது. நொடிக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பதிவுசெய்யும் பேனலுக்கும் அதே கதி வரும். பதிவை ராமில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவதும், கழற்றி மாற்றக்கூடிய கார்டில் எழுதுவதும் தெரிந்த தீர்வுகள்தான்.

இன்னொரு கவலை, வயது. மெஷின் பதினைந்து இருபது வருடம் ஓடும். நம் பக்கத்துப் பேனல்களில் இன்றும் பரவலாக ஓடுவது, சின்னக் கருவிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் சிஇ குடும்பம். அதன் கடைசிப் பதிப்பான எம்பெடட் காம்பாக்ட் 2013-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2023 அக்டோபர் 10-உடன் முடிந்துவிட்டது. அதனால் பேனல் நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் அதை இன்டர்நெட்டோடு இணைத்து, வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம் என்று விற்பது ஆபத்து. பேனல் போனால் புதியதில் ஏற்ற, திரையின் மூல ஃபைலும் (திரையை வடிவமைத்த புரோகிராம்) பாஸ்வேர்டும் வேண்டும். அவை பெரும்பாலும் விற்றவரிடமே தங்கிவிடுகின்றன.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. இன்று திருப்பூரில் ஆபரேட்டர்கள் தமிழ், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள். திரையோ சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்களிடமுள்ள பழைய பேனலில் தமிழ் போட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்றைய லினக்ஸ் பேனல்களில் அந்தக் குறை இல்லாமல் செய்ய முடியும். செய்து தரச் சொல்லலாம்.

மெஷின் வாங்கும் முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் இது. கடைசித் தவணையைக் கொடுக்குமுன், வெறும் தண்ணீர் ஓட்டி, நடுவில் திரையின் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். அப்புறம் மெயினை அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள். வால்வுக்குப் போகும் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, திரை என்ன சொல்கிறது என்று ஆபரேட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூல ஃபைலையும் பாஸ்வேர்டையும் கையில் வாங்கியபின் செக்கில் கையெழுத்துப் போடுங்கள். இயந்திரம் வாங்க மானியத்துக்குப் பரிந்துரைக்கும் மாவட்டத் தொழில் மையங்கள் இந்தச் சோதனையையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால், மெஷின் செய்கிறவர்கள் கேட்காமலே செய்து கொடுக்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் பராமரிப்புப் பணியாளர்,
திருப்பூர்.